எழில்மதியின் பர்னர் ஏன் மஞ்சளாய் எரிந்தது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் பக்கம் போலகத்தில் என் வீட்டுக் கொல்லையில் நானே செய்த கேஸ் பர்னர் ஒன்று கிடக்கிறது. இரும்பைக் காய்ச்சி அடிக்கலாம் என்ற ஆசையில் செய்தது. இன்றுவரை ஒரு ஆணியைக்கூட அது சிவக்க வைத்ததில்லை. பற்றவைத்தால் ‘டப்’ என்று ஒரு வெடி, அப்புறம் மௌனம். மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டு, நம்மால் ஆகாததைக் கதையில் ஒருத்தி செய்து முடிக்கட்டுமே என்று எழுத உட்கார்ந்தேன். வேறு உன்னத நோக்கம் ஏதும் கிடையாது.*

(* நான் மாட்டியிருந்தது வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அழுத்தத்தில் பால்தான் காயும். டீக்கடை அடுப்புக்கு மாட்டுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேண்டுமாம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: நெரவியில் மழை விட்டிருந்தது. எழில்மதியின் உலையில் நீலச் சுடர் சீறிக்கொண்டு

இல்லை. நீலமாக எரிந்துவிட்டால் அப்புறம் எனக்கு என்ன வேலை?

இரண்டாம் முயற்சி: எழில்மதி என்றொரு பெண். இரும்பின் மொழி அறிந்தவள். அவள் விரல்களில்

வேண்டாம், படித்தால் அவளே சிரிப்பாள். நேராகவே சொல்கிறேன். எழில்மதிக்கு முப்பத்துநான்கு வயது. ஒரு ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லித்தருகிறாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, முக்கால் இஞ்ச் இரும்புப் பைப்பில் பர்னர் செய்து, கேஸ் உலை வைத்திருக்கிறாள். கணவன் மாறன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை.

3

வியாழக்கிழமை மத்தியானம், எழில்மதி காலை வகுப்பு முடித்து வீடு திரும்பிய நேரத்தில், பூவத்திலிருந்து விவசாயி கோவிந்தராசு ஒரு சாக்கோடு வந்து நின்றார். சாக்கில் பன்னிரண்டு பழைய கருக்கரிவாள்கள், எல்லாம் துருவேறிப் பல் மழுங்கியவை.

“நெல்லு பூரா சாஞ்சு தண்ணியில கெடக்கு தங்கச்சி. மிசினு எறங்குனா சேத்துல பொதைஞ்சிடும். நாளைக்குக் காலையில கையறுப்புக்கு ஆளு வருது. இன்னும் ரெண்டு நாளு போனா கதிர்லயே மொளைச்சிடும்.”

“வச்சிட்டுப் போங்கண்ணே. காலையில ஆறு மணிக்கு வந்து வாங்கிக்குங்க.”

சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அரிவாளைக் காய்ச்சி, அடித்து, பல் வெட்டி, திரும்பக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்க வேண்டும். மழையால் மூன்று வாரமாக அவள் உலைப்பக்கமே போகவில்லை. இப்போது பற்றவைத்தாள். மஞ்சளாக, சோம்பலாக ஒரு சுடர் வந்தது. பிறகு ‘டப்’ என்று தீ பைப்புக்குள்ளேயே திரும்பி ஓடியது. உடனே கேஸை அடைத்தாள்.

(என் பர்னரும் இதையேதான் செய்கிறது. ஆனால் நான் பயந்து ஓடினேன். அவள் யோசித்தாள்.)

மஞ்சள் என்றால் காற்று போதவில்லை. காற்று போகும் வாயை அகலத் திறந்தாள், பலனில்லை. வாயருகே கேஸ் பீய்ச்சும் ஜெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஸ்டவ் குத்தும் ஊசியால் குத்திப் பார்த்தாள். ஓட்டை சுத்தமாக இருந்தது. ஜெட் பைப்புக்கு நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்தாள், நின்றது. அழுத்தத்தைக் கூட்டினாள். மறுபடி ‘டப்’. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், அதை இங்கே எழுத மாட்டேன். பிறகு செல்போன் டார்ச்சை அடித்துப் பைப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே, ஜெட்டைத் தாண்டி, பாதி வழியை அடைத்துக்கொண்டு ஒரு மண்ணுருண்டை. குளவிக் கூடு.

3 (திரும்பவும்)

சத்தியமாக நான் வைக்கவில்லை. ஜெட்டில் தூசி என்றுதான் திட்டம் போட்டிருந்தேன். கொல்லையில் மூன்று வாரம் ஒரு பைப்பைச் சும்மா போட்டால் குளவி வராமல் யார் வருவார்?*

(* வெடி வெடித்த பிறகும் உள்ளே புழு உயிரோடு இருக்குமா என்று கேட்காதீர்கள். கேஸ் பாயும்போது அந்தப் பக்கம் சில்லென்று ஆகிவிடும் என்பதோடு என் அறிவு முடிகிறது.)

எழில்மதி ஒரு கம்பியை எடுத்தாள். அப்போதுதான் மாறன் பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

“கொஞ்சம் இரு எழிலு.”

“ஏன்?”

“கூட்டை உடைக்காத.”

கிரகணத்தன்று வகுப்பில் பிஸ்கெட் வாங்கிக் கொடுத்து எல்லாரையும் சாப்பிட வைக்கிறவன் மாறன். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை வரும் என்று ஊரில் யாராவது சொன்னால், குளவிக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்கிறவன். அவன் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நம்புறேன்னு சொல்லல. ஆனா இருந்துட்டுப் போவட்டுமே.”

எனக்கே அவன்மேல் பாவமாக இருந்தது. அவனை இப்படிக் கேலிக்கு நிறுத்தியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

4

முடிவு (அ): எழில்மதி கம்பியை விடுகிறாள். மண் உதிர்கிறது. சுடர் நீலமாகச் சீறுகிறது. மாறன் உள்ளே போய்

எழுதக் கை வரவில்லை.

முடிவு (ஆ): மாறன் பைக்கை எடுத்துக்கொண்டு காரைக்காலுக்குப் போய்ப் புதுப் பைப் வாங்கி வருகிறான். ஜெட்டைக் கழற்றிப் புதுசில் மாட்டினால் வேலை முடிந்தது. நெல்லும் பிழைத்தது, கூடும் பிழைத்தது.

என் சாமர்த்தியத்தில் நானே மயங்கி, இதை என் மனைவி வடிவாம்பாளிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் தலையை நிமிர்த்தினாள்.

“ஏங்க, கூட்டை உடைக்காதேங்குறாரு அவரு. வேற பைப்பு வாங்கலாங்குறீங்க நீங்க. அந்தப் பொண்ணுக்குக் குழந்த வேணுமா வேண்டாமான்னு யாராச்சும் கேட்டீங்களா?”

நான் கேட்கவில்லை. ‘குழந்தை இல்லை’ என்று இரண்டாம் பகுதியில் குறைப் பட்டியலில் எழுதுவதுபோல எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

6

(ஐந்தைக் கிழித்துவிட்டேன். அதில் தொட்டில் ஒன்று வந்தது.)

மாறன் புதுப் பைப்போடு வந்து இறங்கினான். பழைய பைப்பைக் கூட்டோடு சுவரோரம் சாய்த்துவிட்டு, எழில்மதி ஜெட்டை மாற்றி மாட்டினாள். காற்று வாயைக் கொஞ்சம் மூடினாள், கொஞ்சம் திறந்தாள். சுடர் சத்தத்தோடு நீலத்துக்கு வந்தது. உலைக்குள் முதல் அரிவாள் சிவக்க ஆரம்பித்தது.

“எழிலு,” என்றான் மாறன். “ஒன்னு கேக்கட்டுமா? ஒனக்கு... ஒனக்குக் குழந்த வேணுமா?”

அவள் அரிவாளை இன்னும் கொஞ்சம் உலைக்குள் தள்ளிவிட்டு அவனைப் பார்த்தாள்.

“ஏழு வருசமா ஊரே கேட்டுச்சு, எப்ப எப்பன்னு. வேணுமான்னு மொதல்ல கேட்ட ஆளு நீங்கதான்.”

பன்னிரண்டு அரிவாளும் காலை ஆறு மணிக்குக் கோவிந்தராசுவின் கைக்குப் போய்ச் சேரும். அதற்கு நான் பொறுப்பு. அடுத்து அவள் சொன்ன பதிலுக்கு நான் பொறுப்பில்லை. நான் எழுதினால் அது என் பதிலாகப் போய்விடும். கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

“.............................................”