வாய்க்காலுக்குக் கிழக்கே காலி நிலம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடமாக, மேசைக்கு வரும் கோப்புகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்து அடித்து, கீழே வேலை பார்ப்பவர்கள் எனக்குச் 'சிவப்பு மை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வுபெற இன்னும் ஏழு வாரம். அதனால்தான் அன்று காலை பல்கலைக்கழக வாசலில் காரை நிறுத்தியதும் என் கணவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"இங்க பாரு, போனோமா, கையெழுத்தப் போட்டோமா, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தோமான்னு இரு. வம்ப வெல குடுத்து வாங்காத."

"நான் எப்ப வாங்கியிருக்கேன்?" என்றேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நகரத் திட்டமிடல் துறைக்கு ஒரு நிரந்தர ஆசிரியர் வேண்டும். ஒரே ஓர் இடம். தேர்வுக் குழுவில் துறைத்தலைவர், பதிவாளர் அம்மாள், வெளி நிபுணர் என்ற பெயரில் நான். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் துறைத்தலைவரின் பழைய மாணவர். அவர் உள்ளே வந்ததும் துறைத்தலைவர் எழுந்து நின்று மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். காபி வந்தது, பிஸ்கட் வந்தது, "பயணம் சௌகரியமா இருந்துச்சா?" வந்தது. நான் மனதுக்குள் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன்.

மற்றவள் அதே துறையில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் பாடம் நடத்துகிறவள். வருடத்துக்குப் பதினொரு மாதம் வேலை, ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும், பிறகு மறுபடி புது ஒப்பந்தம். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது வயது முடிகிறது. விதிப்படி அதற்குப் பிறகு நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அவளுக்கு வெளியே பெஞ்சுதான், காபி கிடையாது.

படிப்பு, அனுபவம், ஆய்வு என்று அறுபது மதிப்பெண். அதில் அவள் பதினொன்று முன்னால் நின்றாள். மீதி நாற்பதுக்கு ஒரு செய்முறைத் தேர்வு. "இந்த வருஷம்தான் புதுசா சேர்த்தோம் மேடம்" என்றார் துறைத்தலைவர். ஏன் சேர்த்தார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

தேர்வு இதுதான். மேசைமேல் நகரத்தின் கிழக்குப் பகுதி வரைபடம். நாலு மூலையிலும் கண்ணாடிக் குண்டு வைத்து அழுத்தியிருந்தார்கள். அதன்மேல் மெல்லிய வரைதாளை விரித்து, அரை மணி நேரத்தில் ஒரு பேருந்துப் பணிமனைக்கு இடம் குறித்து, வழிகளும் போட்டுக் காட்ட வேண்டும்.

மாப்பிள்ளை பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். வரைபடத்தில் வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம். வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் ஒரு பெரிய துண்டு வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் காலி நிலம். அங்கே பணிமனையைப் பொருத்தி, இரண்டு சாலைகளை நறுக்கென்று இழுத்துவிட்டார்.

"பிரமாதம்!" என்று துறைத்தலைவர் கை தட்டினார். "இந்த வரைபடம் இவருக்குத் தண்ணி பட்ட பாடு. படிக்கிறப்பவே இதுலதான் பழகினார்."

அப்படிப் போகிறதா கதை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வரைந்தது சரியாகத்தான் இருந்தது. முப்பத்தாறு போட்டேன்.

அடுத்து அவள் வந்தாள். பென்சிலை எடுத்து, பணிமனையைக் குறிக்காமல் அந்த வெள்ளைத் துண்டுக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சந்து, அதிலிருந்து மூன்று கிளைச் சந்து, ஒரு கிணறு, வாய்க்காலுக்கு இறங்கும் படி. எதையும் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து வரைந்தாள். அரை மணியும் ஓடிப்போனது.

"பணிமனை எங்கம்மா?" என்றார் துறைத்தலைவர்.

"வைக்க எடமில்ல சார். இங்க இருநூத்திப் பத்து வீடு இருக்கு."

"வரைபடத்துல காலி நிலம்னு போட்டிருக்கு."

"வரைபடம் தப்பு சார். ஒம்பது வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

"வரைபடத்த வச்சு திட்டம் போடத்தான் சொன்னோம். வரைபடத்தத் திருத்தச் சொல்லல." கோப்பிலிருந்து ஒரு கவரை எடுத்து என் முன்னால் போட்டார். "இதையும் பாருங்க மேடம். நேர்காணல் கடிதத்த இவங்க குடுத்த முகவரிக்குத்தான் அனுப்பினோம். அப்படி ஒரு தெருவே இல்லன்னு திரும்பி வந்துடுச்சு. அப்புறம் ஃபோன் போட்டு வரவழைச்சோம். சொந்த முகவரியே ஒழுங்கா எழுதத் தெரியல."

அவள் கவரைத் தொடவில்லை. தான் வரைந்த மூன்றாவது சந்தில் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "தெரு இருக்கு சார். இதான் எங்க வீடு. நான் பொறந்ததே இங்கதான்."

இருநூற்றுப் பத்து வீட்டை விழுங்கிய ஒரு தாளை வைத்து வருடா வருடம் பாடம் நடத்துகிறார்கள்! அதைச் சொன்னவளுக்குப் பூஜ்யம், அந்த வீடுகளின்மேல் பேருந்து விட்டவருக்குக் கைத்தட்டல்! அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கத்தினேன்.

"நேர்ல போய்ப் பாக்காம இத எவன் போட்டான்? அவன் பேரச் சொல்லுங்க. ஏழு வாரம் இருக்கு, அதுக்குள்ள அவன உண்டு இல்லன்னு பண்ணிடறேன்."

துறைத்தலைவர் சிரித்தார். மெதுவாகக் கை நீட்டி, வலது கீழ் மூலையில் இருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கினார்.

என் கையெழுத்து.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல மழை. வாய்க்காலின் மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஜீப்பை இந்தக் கரையில் நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தகரக் கூரைகள் தெரிந்தன. தற்காலிகக் கொட்டகைக்கு நிறம் கிடையாது என்பது அலுவலக விதி. வெள்ளையாக விட்டு, பென்சிலால் 'நேரில் சரிபார்க்க' என்று எழுதினேன். தண்ணீர் வடிந்ததும் வரலாம் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. பென்சில் எழுத்து அச்சில் ஏறவில்லை, கையெழுத்து மட்டும் ஏறிவிட்டது.

"இப்ப இது தப்புன்னு எழுதினா விசாரணை வரும் மேடம்" என்றார் துறைத்தலைவர், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில். "இந்த நேரத்துல உங்களுக்கு எதுக்கு? கையெழுத்தப் போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம். ஆனால் ஒன்று, எந்தக் கோபமாக இருந்தாலும் என் கைக்கு ஒரே பழக்கம்தான். சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன்.

'இந்த வரைபடம் பிழையானது. பிழை என்னுடையது. இடத்துக்குப் போகாமல் கையெழுத்திட்டேன். பிழையான வரைபடத்தில் நடந்த செய்முறைத் தேர்வு செல்லாது. இருவருக்கும் அந்த மதிப்பெண்ணை நீக்க வேண்டும்.' நான் போட்ட முப்பத்தாறையும் நானே அடித்து, கீழே கையெழுத்துப் போட்டேன்.

துறைத்தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "இந்தக் குறிப்போட கோப்பு போகாது" என்றார்.

அதுவரை வாயே திறக்காத பதிவாளர் அம்மாள் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போகும் சார். நிபுணர் தள்ளின தேர்வ நாம எண்ணக் கூடாது. மூணுல ரெண்டு கையெழுத்து போதும்." அறுபதுக்கு மட்டும் கூட்டிப் போட்டு, அவள் பெயரை முதலில் எழுதி, எனக்குக் கீழே கையெழுத்திட்டார்.

வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பட்டியல் ஒட்டும்வரை முடிவைச் சொல்லக் கூடாதுதான். சொன்னேன். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அதோடு நான் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அந்த வரைபடத்துல கையெழுத்துப் போட்டது நான்தாம்மா."

நன்றி சொல்வாள், பரவாயில்லை என்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். வெட்கக்கேடு, எதிர்பார்த்தேன்.

"தெரியும் மேடம்" என்றாள். "அந்தக் கையெழுத்தப் பாத்துக்கிட்டேதான ஒம்பது வருஷமா பாடம் நடத்தறேன். அதான் உங்க கண்ணு முன்னாடி ஒவ்வொரு வீடா போட்டேன்."

அவள் விடவில்லை.

"தண்ணிக் குழாய் கேட்டு எங்க தெருவிலேர்ந்து நாலு தடவ உங்க ஆபீசுக்கு மனு குடுத்தோம். அப்பாதான் தூக்கிட்டு வருவார். நாலும் ஒரே பதிலோட திரும்பி வந்துச்சு. 'வரைபடப்படி காலி நிலம். நடவடிக்கை தேவையில்லை.'" என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சிவப்பு மையில எழுதியிருந்தது மேடம்."

கைப்பையில் ஃபோன் அடித்தது. என் கணவர். "கையெழுத்துப் போட்டாச்சா? சாப்பாடு ஆறுது."

"நீங்க சாப்பிடுங்க, நான் வர நேரமாகும்" என்று வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"இப்பப் பாலம் இருக்கா?"

"இல்ல மேடம். எறங்கித்தான் நடக்கணும்" என்றாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாய்க்காலுக்குள் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் வரைக்கும்கூட இல்லை.