நீர்க்கட்டி வரதன் ஒப்பித்த பத்துச் சொற்கள்

வாருங்கள், உங்கள் கண்ணால் பார்த்துச் சாட்சியாக நில்லுங்கள். செய்யூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஓர் ஏரிக்கரை ஊர். இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, மாசி மாதத்தின் ஒரு காலை. அறுபத்திரண்டு வயதான வரதன் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்குக் கீழே வெறும் மண்ணில் நிற்கிறார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்த ஏரியின் மடையைத் திறந்து மூடி, கழனிக்குக் கழனி முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி அவர். மேலே நாற்காலிகளில் நிலம் உடையவர்கள். வரதனின் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி அந்தக் கட்டளை அவர் பாட்டன் காலத்திலேயே எலும்பில் எழுதப்பட்டிருந்தது.

"இன்னாடா வரதா," என்றார் ஏரிப் பாசன நிலக்காரர்களின் ஆயக்கட்டுத் தலைவர் தாமோதரன். "மேலண்டைக் கழனிக்கு ஒரே வாரத்துல மூணு தபா தண்ணி வுட்டுகிற. கீழண்டை நாலு கழனி வாயப் பொளந்துகினு கெடக்குது. எவ்ளோ வாங்கின?"

"நா இன்னாத்த வாங்குனேன் தலைவரே? எல்லாத்துக்கும் வுட்டேன்னுதான் நெனப்பு."

"நெனப்பா?" பின்வரிசையிலிருந்து ஒருவர் சிரித்தார். "தை மாசம் டாக்டரம்மா ஆளுங்க இதே எடத்துல ஞாபகப் பரீட்சை வெச்சப்போ, பத்து வார்த்தையும் கடகடன்னு ஒப்பிச்சாம்பா. ஊரே கை தட்டிச்சே!"

"அதான் நானும் கேக்கறேன்," என்றார் தாமோதரன். "பத்து வார்த்த ஞாபகம் கீது. நாலு கழனி மட்டும் மறந்துபோச்சா?"

மடைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமைக்குள் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நீர்க்கட்டி வேலையும் போகும், காவல் நிலையத்தில் புகாரும் ஏறும் என்று சொல்லிக் கலைந்தார்கள். வரதன், குற்றத்தை நினைவுக்குக் கொண்டுவர முயல்பவரைப்போல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பள்ளிச் சுவரோரம் நின்றிருந்த அவருடைய மகள் ரெஜினா, அந்தச் சுருக்கத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏனென்றால் அந்தப் பத்துச் சொற்களின் உண்மை அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

செங்கல்பட்டில் ஓர் ஆய்வுக் குழு இயங்கிவந்தது. முதியவர்களின் நினைவைத் தின்னும் நோயை முற்றவிடாமல் முளையிலேயே கண்டறிவது எப்படி என்று கிராமம் கிராமமாகப் போய் ஆராய்ந்தது. அவர்கள் தெருவிலிருந்து பட்டம் பெற்ற முதல் பெண்ணான ரெஜினாவுக்கு அதில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. குடம், ஆடு, தபால், கட்டில், மிளகாய், பாலம், சட்டை, விறகு, தேள், ராணி. இந்தப் பத்தையும் ஒரே சீராக, ஏற்ற இறக்கமின்றிப் படித்துக் காட்ட வேண்டும். முதியவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சற்று நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு, மீண்டும் சொல்லச் சொல்ல வேண்டும். குரல் பிசகக் கூடாதே என்று கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க, மாலைதோறும் வீட்டில் உரக்கப் படித்துப் பழகினாள். பக்கத்தில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த வரதன் மெல்ல மெல்லக் கூடவே சொல்லத் தொடங்கினார். "தேளுக்கு அப்பால ராணி. பாத்தியா, ராணியக் கொட்டிடப் போவுது!" என்று தினமும் அதே வேடிக்கையைச் சொன்னார். தினமும் அதையே முதல்முறை சொல்பவர்போல் சொன்னார். அவள் சிரித்தாள். அப்போது சிரித்தாள்.

சொந்த வீட்டாரைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே வரதனை வேறொரு பெண் சோதித்தாள். அவர் பத்தையும் ஒப்பித்தார், ஊர் கைதட்டியது, சீட்டில் 'இயல்பு' என்று விழுந்தது. அந்தச் சொற்கள் தன் வீட்டுச் சுவருக்கே மனப்பாடம் என்று ரெஜினா அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட ஆழத்தில் இன்னொரு பயம் இருந்தது. மதுராந்தகத்திலிருந்து திரும்பும்போது தகப்பன் வேறு ஊரில் இறங்கி விழித்துக்கொண்டு நின்றதை அவள் அறிவாள். சைக்கிள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்பதுபோல் அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்ததையும் அறிவாள். 'இயல்பு' என்ற அந்த ஒரு சொல்லைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டு, கண்டதையெல்லாம் காணாததாக்கிக்கொண்டாள். பொய்யான நிம்மதியைப்போல் கொடிய எதிரி ஒரு வீட்டுக்குள் வேறில்லை. இன்றோ அந்தத் தாயத்தே தகப்பனின் கழுத்தை இறுக்கியது: மறதி இல்லாதவன் தவறினால், அவன் திருடன்!

திங்கட்கிழமை செங்கல்பட்டு அலுவலகத்தில், ஆய்வை நடத்தும் டாக்டர் ஸ்ரீதேவியின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"ஒரு மாசமா சொல்லாம இருந்திருக்க. உன் வேலை என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். வேலை போனா போவட்டும். நைனாவ ஒருதபா வந்து பாருங்க."

புதன்கிழமை ஸ்ரீதேவி வேறு படிவத்தோடு வந்தார். குடிசையின் உள்ளே, கால் முறிந்து மூங்கில் பத்தை கட்டிக் கிடந்த ரெஜினாவின் தாய் மார்கரெட் சுவரில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்தாள். வரதன் சவரம் செய்துகொண்டு, சட்டைப் பொத்தான்களை ஒன்று தவறி மாற்றிப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்த மாணவனைப்போல் அமர்ந்தார்.

டாக்டர் புதிய சொற்களை நிதானமாகப் படித்தார். "வாழை. கதவு. சிங்கம். ஊசி..." பத்தும் முடிந்தன. "இப்ப நீங்க சொல்லுங்க ஐயா."

வரதனின் முகம் மலர்ந்தது. மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "குடம், ஆடு, தபால், கட்டில், மிளகா, பாலம், சட்ட, வெறகு, தேளு, ராணி!"

வெளியே கோழி ஒன்று கொக்கரித்தது. டாக்டரின் பேனா படிவத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"இன்னா, எல்லாம் கரீட்டா?" என்றார் வரதன். மகளின் முகத்தைக் கண்டதும் அந்தச் சிரிப்பு ஓரங்களிலிருந்து உதிரத் தொடங்கியது. "ஏம்மா மொறைக்கிற? எதுனா தப்பா சொல்லிட்டனா?"

ஸ்ரீதேவி மார்கரெட்டின் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா இப்படி இருக்கார்மா?"

மார்கரெட் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்தாள். "ரெண்டு வருசம் இருக்கும். காலைல கூழு எடுத்துக்கினு கூடவே போவேன். அடுத்தது எல்லம்மா கழனி, அதுக்கு அடுத்தது கெணத்துக் கழனின்னு பின்னால நின்னு சொல்லுவேன். அவரு தொறப்பாரு. போன வாரம் வரப்புல வுழுந்து கால ஒடச்சிக்கினேன். அவரு தனியா போனாரு." ரெஜினாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. "ஊரு பைத்தியம்னுடும். அத்த விட இந்தப் பொழப்பே தேவலன்னு இருந்தேன்."

ஊருக்கு அஞ்சித் தாய் மறைத்தாள். உண்மைக்கு அஞ்சி மகள் மறைத்தாள். ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்தார்கள். இரண்டு ஆண்டுகள்! முளையிலே பிடிக்க வேண்டியதை இரண்டு ஆண்டுகள் கூழ்ப்பானைக்குள் மூடி வைத்தார்கள். மூட வைத்தது எது? வயதானால் அப்படித்தான் என்று கைகழுவும் சோம்பல். நோய் என்றால் பைத்தியம் என்று வாய்கூசாமல் பழிக்கும் ஊர். ஏழை தவறினால் மறதியென்று எண்ணாமல் களவென்றே எண்ணப் பழகிய நாற்காலிகள்.

வாசலில் ஸ்ரீதேவி தாழ்ந்த குரலில் பேசினார். "ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் பாக்கணும். சரிபண்ணக்கூடிய வேற காரணமாகூட இருக்கலாம். அந்த நோய்தான்னா மருந்து இருக்கு. போனதத் திருப்பித் தராது, கொஞ்ச நாளைக்குத் தாக்குப் பிடிக்க உதவும். பழைய சீட்டு செல்லாதுன்னு எழுதித் தரேன். இன்ன நோய்னு இன்னிக்கே எழுத முடியாது."

"அவங்களுக்கு அது பத்தாது மேடம்."

"தெரியும். நடந்தத நீதான் சொல்லணும்."

வியாழன் விடிந்தது. டாக்டர் எழுதித் தந்த தாளை ரெஜினா மடித்துக் கையில் வைத்திருந்தாள். என்னென்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அப்பனைக் காப்பாற்றப் பொய்க் காகிதம் கொண்டுவந்தாயா என்பார்கள். நம்பினாலோ, பைத்தியக்காரன் கையிலா மடையைக் கொடுத்தோம் என்பார்கள். இரண்டில் எது கொடிது என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. தகப்பனின் கையைப் பற்றினாள். அவர் பிள்ளையைப்போல் உடன் வந்தார்.

"எங்கம்மா போறோம்?"

"இஸ்கூலுக்கு நைனா."

"பரீட்சையா?"

அவள் அவரைப் பள்ளி வாசலுக்குள் அழைத்துப் போனாள். தாழ்வாரத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. தாமோதரன் தொண்டையைச் செருமினார். கீழே மண்ணில் தகப்பனும் மகளும் இருவர் மட்டும். அவர்களைச் சுற்றி இருபது பேர் நிற்கக்கூடிய இடம் வெறுமையாய் வெயிலில் கிடக்கிறது. வரதன் அந்த வெறுமையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மகளின் விரலை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள்.

அயலூர்க் கதையென்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னதையே சொல்லிச் சிரிக்கிறார். ஒருத்தி பின்னால் நின்று எடுத்துக்கொடுக்கிறாள். மூடாதீர்கள், இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு முன், இறங்கி வாருங்கள். அந்த வெற்று மண்ணில், அவள் குரல் உடைவதற்குள், அவள் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.