ஹில்மி கொடுத்த ஜன்னல்

துருக்கியின் சஃப்ரன்போலு நகரில் நெவ்ஸாத் வீட்டுச் சுவரில் அதிகாரிகள் பித்தளைப் பலகை அடித்தார்கள். பாதுகாக்க வேண்டிய பழைய வீடாம். எதிர்வீட்டு ஹில்மிக்கு வயிறு எரிந்தது. இரண்டு வீட்டையும் கட்டியது ஒரே கொத்தன்தான்.

"இந்த மர ஜன்னலுங்களாலதான் இந்த மரியாதை" என்றார் கோட்டு போட்ட அதிகாரி.

அவை ஹில்மியின் ஜன்னல்கள். தன் வீட்டுக்குப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டிய வருஷம், விறகுக்கு வைத்துக்கொள் என்று அவரே தூக்கிக் கொடுத்தவை.

"என் ஜன்னலத் திருப்பிக் குடுடா!"

"எரிக்கத்தானே குடுத்தீங்க அண்ணே? எனக்கு மனசு வரல. இப்ப நீங்க எரியிறீங்க" என்று சிரித்தான் நெவ்ஸாத்.

பலகை கண்ணில் படாதபடி மதிலை உயர்த்தப் பார்த்தார் ஹில்மி. அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். ஒரு வீடு இன்னொரு வீட்டின் பார்வையை மறைக்கக் கூடாது என்பது பாட்டன் காலத்திலிருந்தே அந்த ஊர் வழக்கம். எந்த ஜன்னலில் தேநீரோடு நின்றாலும் பலகை பளபளத்தது.

"திரைய இழுத்து விடட்டுமா?" என்றாள் மனைவி ஷுக்ரியே.

"வேணாம். நான் பாக்க முடியாம ஒளியிறேன்னு அந்தப் பய இன்னும் சிரிப்பான்."