ஐந்து கோடுகளுக்குள் ஒரு நாணயம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் பிறக்கவில்லை, ஒரு படிவத்தில் பிறந்தது. ஏல நிறுவனம் ஒன்றின் படிவம். அதில் ஏழாவது கேள்வி: ‘இந்த நாணயம் உங்களிடம் வந்து சேர்ந்த வரலாறு.’ கீழே ஐந்து கோடுகள். அதற்கும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அதை என் முன்னால் நகர்த்தியவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. என் கண்ணாடியின் சட்டம் ஒடிந்துபோய் அவளிடம் போயிருந்தேன்.

“சார், நீங்க கதை எழுதுறவர்தானே?”

“ஆமாம்மா.”

“இதுல அஞ்சு வரி எழுதித் தரணும். எவ்வளவு கேப்பீங்க?”

முப்பது வருடமாக எழுதுகிறேன். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. (கேட்டிருந்தால் ஒடிந்த சட்டத்தை ஒட்டித்தரச் சொல்லி நின்றிருப்பேனா?) பணம் வேண்டாம், விஷயத்தைச் சொல் என்றேன். புதுச் சட்டம் வர நாலைந்து நாளாகும் என்றாள். அந்த நாலைந்து நாளில் நான் அங்கே போய்வந்ததுதான் இந்தக் கதை.

2

“மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பழைய மேசையின் இழுப்பறையைத் திறந்த அவளுடைய கண்கள்—”

[இல்லை. மழையும் இல்லை, மாலையும் இல்லை. இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் பழைய கடிதம் ஒன்று வந்து நிற்கும்.]

நடந்தது காலை பதினொரு மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில். அவளுடைய அப்பாவின் கண்ணாடிக் கூட்டில் மூடி தொளதொளத்துக் கிடந்தது. சரிசெய்யலாம் என்று உள்ளே இருந்த துடைக்கும் துணியை உருவினாள். காசு ஒன்று விழுந்து மேசையில் சுழன்றது. எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் கொக்கு, அதன் காலடியில் அடித்த வருடம். திருப்பினாள். எண் இருக்க வேண்டிய இடத்திலும் கொக்குதான். ஆனால் இந்தக் கொக்கு உள்ளே குழிந்து, எதிர்த்திசை பார்த்து நின்றது.

(குறிப்பு: அடித்த நாணயம் கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் தகடு அதன்மேல் போய் அழுந்தும். பழையதன் முகம் புதியதன் முதுகில் இடவலம் மாறிக் குழிந்துவிடும். இப்படிப்பட்ட பிழை நாணயம் ஆலையை விட்டு வெளியே வரவே கூடாது. பிடித்து உருக்கிவிடுவார்கள்.)

பிடிக்கிற வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர் அவளுடைய அப்பா. நாணயம் அடிக்கும் அரசு ஆலையில் பரிசோதகர். “என் மேசையத் தாண்டி ஒரு கோணல் காசு வெளிய போனதில்ல” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு பல் மருத்துவரிடமும் சொன்னாராம்.

3

இப்போது ஏல நிறுவனங்கள். கதையின் விஷயமே இதுதான், நான்தான் சுற்றி வளைக்கிறேன்.

கடை இருக்கும் அறையை அதன் சொந்தக்காரர் விற்கிறார். மாதக் கடைசிக்குள் அவள் வாங்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். பதினைந்து வருடம் உட்கார்ந்த இடம். எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அதுதான்.

பெரிய நிறுவனத்தின் நிபுணர் அம்மா தொலைபேசியில் முதலில் சொன்னது: “தயவுசெஞ்சு கழுவிடாதீங்க. சோப்பு, பல்பொடி எதுவும் வேண்டாம். கழுவுனா விலை போச்சு.” அடுத்து சொன்னது: “ஆனா வந்த வழி சுத்தமா இருக்கணும். நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுறத எங்க பட்டியல்ல அப்படியே அச்சடிப்போம். பொய்னு தெரிஞ்சா நாணயமும் போயிடும், நீங்களும் மாட்டிக்குவீங்க.” அவர்கள் சொன்ன மதிப்பு வந்தால் கடை அவளுடையது.

சின்ன நிறுவனம் ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது. அங்கே இருந்தவர் கழுவுற மீனில் நழுவுற மீன். “வரலாறா? அது பள்ளிக்கூடத்துல கேக்கறதும்மா. ‘பழைய சேகரிப்பிலிருந்து’ன்னு போட்டுடலாம். யாரு சேகரிச்சதுன்னு எவன் கேக்கப்போறான்?” அவர் சொன்ன விலைக்குப் பாதிக் கடைதான் வரும். “பாதிக் கடையில ஒத்தக் கண்ணுக்குத்தான் சார் கண்ணாடி போட முடியும்” என்றாள்.

பெரிய நிறுவனத்துக்குக் கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. நான் இந்தப் பகுதியை எழுதும்போது செவ்வாய் ஆகிவிட்டது.

4

இந்த இடத்தில் என் கதாநாயகிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பா உயிரோடு இருக்கிறார். வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறார். ‘அப்பா, இது எப்படி வந்தது?’ என்று கேட்க வேண்டியதுதானே? ஒரு வாக்கியத்தில் முடிகிற கதையை இழுப்பவள் கதாபாத்திரமா, எழுத்தாளனா?

கேட்டேவிட்டேன். அவள் என் புதுச் சட்டத்தின் திருகை முடுக்கிக்கொண்டே சொன்னாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், கண் பரிசோதனைப் படிப்பை முடித்த கையோடு, அப்பாவின் கண்ணைச் சோதித்தாள். ஆலைக்கு வருடா வருடம் பார்வைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இடக்கண்ணை மூடிக்கொண்டு எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். அவளுக்கு என்னவோ தோன்ற, ஓசைப்படாமல் அட்டையை மாற்றினாள். அவர் பழைய அட்டையின் எழுத்துகளையே மறுபடி ஒப்பித்தார். வலக்கண் புகைபடிந்திருந்தது, இடக்கண்ணும் தேய ஆரம்பித்திருந்தது. அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருந்தது.

“சரியா இருக்கா பாப்பா?” என்று கேட்டார்.

‘பார்வை சரி’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அதுதான் அவள் தொழிலில் போட்ட முதல் கையெழுத்து.

“அந்தக் காசு அடிச்ச வருஷத்தப் பாத்தேன் சார்” என்றாள். “அதே வருஷம்.”

5

எனவே ஐந்து வரிகளை எழுதினேன். இதோ:

‘என் தந்தை நாணயப் பரிசோதகராக இருந்தபோது அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரே நாணயம் இது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, ஒருநாள் ரொட்டிக்கடையில் மீதிச் சில்லறையாக அவர் கைக்கே திரும்பி வந்தது. செலவழிக்க வெட்கம், வீசவும் மனமில்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்துவைத்தார்.’

நான் எழுதியதிலேயே நல்ல ஐந்து வரிகள் இவை. (தற்பெருமைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.) அவள் படித்துவிட்டு அழுதாள்.

“இப்படித்தான் சார் நடந்திருக்கும். தப்பு அவர் மேல இல்ல, என் மேல. கண்ணு தெரியாதவர நான்ல அந்த மேசைக்கு அனுப்பினேன்.”

அழுகையில் ஒரு நிம்மதியும் இருந்தது. திருடரின் மகளாக இருப்பதைவிடத் தானே குற்றவாளியாக இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகும் வரிகளை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அவர ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்றாள்.

“வேண்டாமே” என்றேன். அவள் நன்மைக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசை. என் வரிகளைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

6

இந்தப் பகுதியில் என் கைவரிசை எதுவும் இல்லை. அவள் சொன்னது சொன்னபடி.

புதன்கிழமை மாலை. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கு நிழலாட்டம் மட்டும்தான் தெரியும். ஒன்றும் சொல்லாமல் அவருடைய உள்ளங்கையில் நாணயத்தை வைத்தாள். கட்டைவிரல் ஒருமுறை தடவியது, திருப்பி ஒருமுறை தடவியது. அவ்வளவுதான், அவர் கை தானாக இடப்பக்கம் போய் அதை வீசியது. முப்பத்தொரு வருடம் கழிவுக் காசுத் தொட்டி இருந்த பக்கம் அது. நாணயம் தரையில் விழுந்து அலமாரிக்கு அடியில் ஓடியது.

“கோணல்” என்றார்.

“பாக்காமலே எப்படிப்பா?”

“கண்ணு எதுக்கு பாப்பா? கடைசி ஆறு வருஷம் கட்டைவிரலாலதான பாத்தேன். ஒண்ணு தப்புமா?”

பத்தொன்பது வருடப் பாரம் அவள் நெஞ்சிலிருந்து இறங்கியது. அவள் கையெழுத்தால் எந்தக் காசும் தப்பவில்லை. எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. எழுந்தவள் பாதியிலேயே நின்றாள். தப்பவில்லை என்றால் அந்தக் காசு தானாக வெளியே வரவில்லை. கொண்டுவந்திருக்கிறார்.

“அப்போ அது எப்படிப்பா உங்க கண்ணாடிக் கூட்டுக்குள்ள வந்துச்சு?”

“எந்தக் கூடு?”

தடுமாற்றமே இல்லாத குரல். மாற்றிவைத்த அட்டையை ஒப்பித்த அதே குரல்.

மறுநாள் காலை அவள் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து சொன்னார். “பாப்பா, அத உருக்க அனுப்பிடு.”

7

[இங்கே ‘அவர் ஏன் எடுத்தார்’ என்று ஒரு பகுதி எழுதினேன். ஒருவேளை, கண்ணில்லாமல் விரலால் பிடித்த முதல் காசு அதுவாக இருக்கலாம், அதைத் தொட்டியில் போட அவருக்கு மனம் வந்திருக்— நிறுத்திவிட்டேன். இது இன்னொரு ரொட்டிக்கடை.]

முடிவுகள் இருக்கின்றன, எதுவும் எனக்கு ஒட்டவில்லை. என் ஐந்து வரிகளோடு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பினால் கடை மிஞ்சும், ஆனால் கண்ணுக்குத் தப்பவிட்டவர் என்று அவர் பெயர் அச்சில் ஏறும். உண்மையை எழுதினால் நாணயமும் கடையும் போகும், வயதான காலத்தில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். செருப்புக்கடை மாடி என்றால் பாதிக் கடை. உருக்கிவிட்டால் ஒன்றுமே இல்லை, அவருடைய வாக்கியம் மட்டும் மிஞ்சும்.

வியாழக்கிழமை போனபோது படிவத்தை என் பக்கம் தள்ளினாள். “நல்லா எழுதியிருக்கீங்க சார். கீழ நீங்களே கையெழுத்துப் போடுங்களேன்.”

இருபத்திரண்டு புத்தகங்களில் பொய்களுக்குக் கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் கூசியதில்லை. அன்று பேனாவை எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஏதோ சாக்குச் சொல்லி எழுந்துவந்தேன், கண்ணாடியை வாங்காமலேயே. இதைக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன்.

நாணயம் இன்னும் அலமாரிக்கு அடியில் கிடக்கிறது. அவள் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வீட்டைக் கூட்டுகிறாள். கெடு நாளை ஐந்து மணி.

படிவத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். என் வரிகளை அடித்துவிட்டேன்.

______________________________

______________________________

______________________________

______________________________

______________________________

கையெழுத்து: ________________

எழுதி முடித்ததும் நேராக அஞ்சலில் போட்டுவிடாதீர்கள். முதலில் அவரிடம் படித்துக் காட்டுங்கள். கட்டில் ஓரத்தில்தான் இருப்பார். அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.