பத்தாம் பக்கத்தில் சாகும் அம்மாக்கள்

"கேட்டியாக்கா, இதுலயும் பத்தாம் பக்கத்துலயே அம்மாவைக் கொன்னுட்டாங்க."

தையல் கடையில் பட்டன் வைக்கும் அக்காவின் ஊசி நின்றது. "யாரை? எந்தத் தெருவுல?"

"தெருவுல இல்லக்கா, புத்தகத்துல."

"அடிப்பாவி! நெஞ்சே நின்னுபோச்சு."

டெய்லரம்மாவுக்குப் புத்தகம் படிக்கிற வழக்கமே கிடையாது. இப்போது கொஞ்ச நாளாகத்தான் இந்தத் தொல்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள், நூலகத்திலிருந்து இளையோர் நாவல்களாகக் கொண்டுவந்து குவிக்கிறாள். கேட்டதற்கு 'ம்' என்கிறாள், கேட்காததற்கு அதுவும் இல்லை. அப்படி என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறார்கள் என்று, மகள் டியூஷனுக்குப் போன பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டு எடுத்தவள்தான். விடமுடியவில்லை.

"அம்மான்னு வந்தா ஒண்ணு செத்துப்போறா, இல்லன்னா பிடிச்சுவெச்ச புள்ளையாராட்டம் உக்காந்திருக்கா. பதினாறு வயசுப் பொண்ணு வக்கீல் மாதிரி வாதாடுறா. ஒரு பையன் வர்றான், படிப்பு கிடையாது, வேலை கிடையாது, மழையில நனையறது ஒண்ணுதான் அவனுக்குப் பொழப்பு."

"சளி பிடிக்காது?"

"இந்தப் புத்தகத்துல எவனுக்கும் சளி பிடிக்காதுக்கா."

"இவ்வளவு குத்தம் சொல்றவ எதுக்குப் படிக்கிற?"

டெய்லரம்மா வாசலைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். "எல்லாத்துலயும் ஒரு பக்கம் மடிச்சிருக்குக்கா. முதல் புத்தகத்துல பொண்ணு கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போற பக்கம். ரெண்டாவதுல ரயில் ஏறிப் போறா. இப்ப இருக்கிறதுல, ஸ்கூல் டூர்னு பொய் சொல்லிட்டுக் கிளம்புறா. நேத்து இவ வந்து என்ன கேக்குறா தெரியுமா? ஸ்கூல் டூர். மூணு நாள்."

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னுட்டேன்."

அக்கா வேறு ஏதாவது சொல்லியிருந்தாலும் டெய்லரம்மாவின் காதில் ஏறியிருக்காது. அவள் தொழிலில் யாரும் சும்மா மடிப்பதில்லை. மடித்த இடத்தில் அடுத்ததாகக் கத்தரி விழும். மகள் எதை வெட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால், பஸ் ஓட்டும் கணவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் சுவரோரமாக நின்றாள்.

"நாளைக்குள்ள டீச்சர்கிட்ட சொல்லணும்மா."

"சொல்லிட்டேனே."

"ஏன் கூடாதுன்னு சொல்லவேயில்லையே."

"ஏனா?" டெய்லரம்மா விறுவிறுவென்று போய்த் தலையணையைத் தூக்கினாள். புத்தகத்தை மடித்த பக்கத்தில் விரித்து மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ஏன்?"

மகள் பக்கத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அதை நானில்ல உன்னைக் கேக்கணும்? நீ மடிச்சு மடிச்சு வெக்கிறே, நூலகத்துல திட்டு வாங்குறது நான்."

"நானா?"

"பின்ன? அட்டை முழுக்க உன் சாக்பீஸ் கறை. நீ படிக்கிறேன்னு எப்பவோ தெரியும். நீயே சொல்லட்டும்னு இருந்தேன்."

என்னமாய் நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அதற்குள் மகளின் உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"பொண்ணு வீட்டை விட்டுப் போற பக்கமாப் பாத்து மடிச்சுவெச்சா நான் என்னன்னு நினைக்க? வாயால சொல்லாம, நீ என்னைப் போடி வெளியேன்னு சொல்றேன்னுதானே?"

டெய்லரம்மா புத்தகத்தைத் தாழ்த்தினாள். நான் மடிக்கவில்லை, இவளும் மடிக்கவில்லை என்றால்? அவள் மெல்லத் திரும்பினாள். வெறும் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார் கணவர்.

"ஏங்க. உங்களுக்கு எதுக்குக் காது சிவக்குது?"

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

ஹாரன் அடிப்பதோடு தன் சத்தம் முடிந்தது என்று இருக்கிற மனிதர். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "மத்தியானம் ஷிப்ட் முடிஞ்சு வந்தா வீட்டுல யாருமில்ல. பாப்பாகிட்ட என்ன பேசறதுன்னும் தெரியல. இதைப் படிச்சா ஏதாவது கேக்கலாமேன்னு..."

"கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அது சரி, அந்தப் பக்கமாப் பாத்து எதுக்கு மடிச்சீங்க?"

"அந்தப் புள்ள வாசலைத் தாண்டினா எனக்கு மேல ஓடலை. மூடிடுவேன். அப்புறம் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிப் போயிடும். வீட்டுக்கு வந்துச்சா இல்லையான்னு ஒண்ணுலயும் தெரியாது."

மகள் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "முதல் ரெண்டுலயும் வந்துடுவாப்பா."

"மூணாவதுல?"

"அதை நானே இன்னும் முடிக்கல."

அவர் மடிப்பை விரலால் நீவினார். டெய்லரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இவ்வளவு சரியாக இருப்பதுதான் அவளுக்கு இடித்தது. அப்பாவும் மகளும் முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டார்களோ?

"டூருக்கு யார் யார் வர்றா?"

"கிளாஸ்ல எல்லாரும்."

"டீச்சர்?"

"ரெண்டு பேர்."

"அவங்க புத்தகம் படிக்கிறவங்களா?"

"அம்மா!"

"சரி, சரி. போயிட்டு வா."

மகள் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். அப்போதும் டெய்லரம்மாவின் கண், மகளின் தோளுக்கு மேலாகக் கணவரிடம்தான் இருந்தது.

"கிளம்புற அன்னிக்குக் காலையில நான் கொண்டுபோய் ஏத்திவிடட்டுமா?" என்றார் அவர்.

"நீங்களா? வாசல் தாண்டுறதைப் படிக்கவே தைரியமில்லாத ஆளு. நானே வர்றேன். பஸ்ல வேற யார் யார் ஏறுறாங்கன்னு என் கண்ணால பாக்கணும்."