மாடித் துறவியும் மீன் குழம்பும்

லெந்து தவக்காலம் பிறந்ததும் என் கணவர் சத்தியராஜ் துறவியாகிவிட்டார். எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த ஆதிகாலத் துறவிகளைப் பற்றிச் சபையின் மாலைக் கூட்டத்தில் பேசும்படி இவரைக் கேட்டிருந்தார்கள். பேசினால் போதாதா? அவர்களுடைய கதைப் புத்தகத்தில் பாதி படிப்பதற்குள் வாழ்ந்தே காட்டக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமைதோறும் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் தவம். பொழுது அடையும்வரை சோறும் கிடையாது, பேச்சும் கிடையாது. தூத்துக்குடி வெயிலிடம் பாலைவனம் தோற்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் டேபிள் ஃபேனோடு தவம் செய்த துறவி இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிக்சன் அத்தான் வாசலில் நின்றார். இவருடைய அண்ணன். கையில் மக்ரூன் பொட்டலம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் புது வீடு கட்டிக் குடிபுகுந்த பிரதிஷ்டை அன்று, வந்தவர்களைக் கவனிக்கிற அவசரத்தில் இவர் அண்ணனைப் பந்திக்குக் கூப்பிட மறந்துவிட்டார். பசியோடு போன மனிதர் அதன்பிறகு எங்கள் படி ஏறவில்லை. அதையே நினைத்து இவர் குமைந்தது எனக்குத் தெரியும். இப்போது லெந்துக்கு மனம் இறங்கி வந்திருக்கிறார் போல. இன்றும் சாப்பிடாமல் போனால் ஜென்மத்துக்கும் வரமாட்டார்.

"தம்பி எங்கம்மா?"

"மேல இருக்காவ அத்தான். உக்காருங்க, கூட்டிட்டு வாரேன்."

மாடிக்கு ஓடினேன். அண்ணன் வந்திருக்கிறார் என்றதும் இவர் முகம் மலர்ந்தது. சோறு என்றதும் விரல் சூரியனைக் காட்டியது. எனக்கு வந்ததே கோபம்! எந்தப் புத்தகத்தையும் கடைசியிலிருந்து படிக்கிற ஆள் நான். இவர் இன்னும் தொடாத பக்கத்தைப் பிரித்து மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"விருந்தாளி வந்தா ஒங்க துறவிமாரு என்ன செஞ்சாவன்னு படிங்க. நோன்ப ஓரங்கட்டிட்டு அவியகூட உக்காந்து சாப்பிட்டிருக்காவ. நீங்க அவியள விடப் பெரிய துறவியோ?"

படித்தார். ஊரெல்லாம் சொல்லிவைத்த நோன்பு, விட மனசு வரவில்லை, பாவம். சூரியனை ஒருமுறை பார்த்தார். பிறகு ஃபேனை அணைத்தார். எனக்கு உயிர் வந்தது.

கீழே வந்து அண்ணன் கையைப் பிடித்தார்.

"சாப்பிட வாங்கண்ணே."

அன்று இவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அத்தான் ஒரு நொடி தயங்கினார். பிறகு உட்கார்ந்து, சீலாமீன் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். நம் துறவியார் மூன்றாம் முறை.

புறப்படும்போது அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஏலே, நானும் சாயங்காலம் வரைக்கும் உபவாசம்தாம்ல."

இவர் பதறிப்போனார். "பொறவு ஏண்ணே சாப்பிட்டிய?"

"நீ கூப்பிட்டியல்லா."