ஈரம் காயாத அச்சு

அண்ணன் ஆப்பிள் பையோடு வார்டுக்குள் நுழைந்தபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் முழங்கால்வரை கட்டோடு கிடக்கிறார், இவன் பழம் வாங்கி வருகிறான்.

அவள் புருஷன் ஆலையில் ஃபிட்டர். அண்ணன் அதே பட்டறையில் ஃபோர்மேன். தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான், மாப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

பம்பு பேரிங் தேய்ந்தால், ஈயக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றிப் புதுப்பிப்பார்கள். ஊற்றுவதற்கு முன் அச்சை பர்னரில் காட்டிக் காயவைக்க வேண்டும். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் சொட்டினால் என்ன ஆகும் என்று அடுப்படியில் நிற்கிற அவளுக்கே தெரியும்.

அன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறை பளபளக்க வேண்டுமாம். தரையோடு அச்சையும் சேர்த்துத் தண்ணீர் அடித்துக் கழுவவைத்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பர்னரைக் கொண்டுபோய் ஸ்டோரில் பூட்டினான். வந்தவர்கள் எதிரில் ஊற்றிக்காட்டச் சொன்னான். அச்சு காயவில்லை மச்சான் என்று புருஷன் அவன் காதோடு சொல்லியிருக்கிறார். துணியால் துடைத்தாயிற்று, பெரிய மனுஷங்க முன்னாடி என் மானத்தை வாங்காதே என்று பதில் வந்தது. இவர் ஊற்றினார். ஈரம் ஆவியாகி வெடித்ததில் ஈயம் பூட்ஸுக்குள் இறங்கிவிட்டது.

அண்ணன் கட்டில் ஓரம் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். ஆலையின் விசாரணை அதிகாரி இப்போது வந்துவிடுவாராம்.

"உன் கவனக்குறைவுன்னு சொல்லிடு மாப்ளே. நான் ஃபோர்மேனா இருந்தாத்தான் உனக்கு உட்கார்ந்து பாக்கற வேலையா வாங்கித் தர முடியும்."

இவர் சரி என்று தலையாட்டினார். வாங்கின சூடு போதாதென்று பழியையும் வாங்கிக்கொள்கிற மனுஷனை என்ன செய்வது? நொண்டிக் காலோடு கவனமில்லாதவன் என்ற பேரும் சேர்ந்தால் நாளைக்கு எந்த ஆலை இவரை உள்ளே விடும்? அவளுக்கு இரண்டு பேர் மீதும் ஆத்திரம் வந்தது.

கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். யாராவது காலைப் பிடிக்க வேண்டும். தினமும் பிடிப்பது அவள்தான். இன்று நகர்ந்து நின்றாள்.

"அண்ணன் பிடிப்பான்."

வேறு வழியில்லாமல் பிடித்தான். துணி பிரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து எப்படி நடந்தது என்று கேட்டார்.

"இவர் கொஞ்சம் அசட்டையா இருந்துட்டார் சார்," என்றான் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே.

"பொய்," என்றாள் அவள். "அச்சைக் கழுவச் சொன்னது இவன். பர்னரைப் பூட்டி வச்சது இவன். காயலைன்னு சொல்லியும் ஊத்தவச்சது இவன். பட்டறையில இருந்த எல்லாருக்கும் தெரியும், போய்க் கேளுங்க."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். இல்லை என்று சொல்லவில்லை.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. "கூடப் பிறந்தவன் குடியைக் கெடுத்துட்டியே," என்று எழுந்திருக்கப் பார்த்தான்.

அவள் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"காலை விடாதே. நர்ஸம்மா இன்னும் கட்டி முடிக்கலை. இந்தப் பக்கம் திரும்பிப் பாத்துப் பிடி."